பாட்டுக்கு இருபது, பாடத்துக்கு எண்பது

அந்தக் கல்லூரியில் பாட்டுக்கு இருபது மதிப்பெண், பாடத்துக்கு எண்பது. புதிதாகக் கேட்பவர்களுக்குத் தலை சுற்றும் என்பதால் விளக்கிவிடுவது நல்லது. காட்சிக்கலைத் துறையின் கடைசி ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பாட்டுக்கு வீடியோ எடுக்க வேண்டும். எடுத்த வீடியோவுக்கு இருபது. எடுக்கும்போது என்ன தவறு செய்தோம், அதிலிருந்து என்ன பாடம் கற்றோம் என்று மேடையேறிச் சொல்வதற்கு எண்பது. தேறுவதற்கு ஐம்பது வேண்டும். கூட்டல் தெரிந்தவர்கள் முதல் வாரத்திலேயே புரிந்துகொண்டார்கள்: வெறும் நல்ல வீடியோவை எடுத்து வைத்துக்கொண்டு இங்கே யாரும் கரையேற முடியாது.

இந்த முறையைக் கொண்டுவந்தவர் துறைத்தலைவர். அவர் தம் வாழ்நாளில் ஒரு வீடியோவும் எடுத்தவரில்லை. ஆகவே தவறும் செய்தவரில்லை. ஆனால் அடுத்தவர் தவறுகளில் அவருக்கு இருந்த புலமைக்கு அளவே கிடையாது. அவர் அறைக்கு வெளியே நீளச் சுவர் முழுக்க, பழைய மாணவர்கள் கற்ற பாடங்களைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். ‘பேட்டரியைவிடப் பெரியது நம்பிக்கை. ஆயினும் பேட்டரியும் வேண்டும்.’ ‘நான் மழையைக் கேட்கவில்லை. மழையும் என்னைக் கேட்கவில்லை.’ இவ்வளவு பாடம் கற்றவர்கள் எடுத்த வீடியோக்கள் எங்கே என்று ஒருவரும் கேட்டதில்லை. பாடம் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்திய புலியிடம் போய் யாரும் உறுமச் சொல்வதில்லை.

இங்கேதான் ஒழுங்கு படித்தான். அது வீட்டில் வைத்த பெயரல்ல, வகுப்பில் வைத்தது. சொன்ன நேரத்துக்கு வருவான். வாங்கிய கேபிளைச் சிக்கலில்லாமல் சுருட்டித் திருப்பிக் கொடுப்பான். கருவி அறைக்காரர் அவன் ஒருவனைப் பார்த்துத்தான் சிரிப்பார். இப்படிப்பட்டவனுக்கு அந்தத் துறையில் என்ன எதிர்காலம் இருக்கும் என்று முதலாண்டிலேயே யாராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

வீட்டில் அவனும் அக்காவும் மட்டும்தான். அக்கா ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுபவள். காலையில் நிற்க ஆரம்பித்தால் சாயங்காலம்வரை நின்றபடிதான் வேலை. வீடு திரும்பும்போது செருப்பு காலைப் பிடிக்கும். தம்பி தேறி ஒரு வேலையில் உட்கார்ந்துவிட்டால் தானும் உட்கார்ந்து செய்கிற வேலையாக ஒன்றைத் தேடிக்கொள்ளலாம் என்பது அவளுடைய ஒரே திட்டம். இன்னொரு வருடம் என்றால் இன்னொரு வருடம் நிற்க வேண்டும். இதை அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை என்பதால் ஒழுங்குக்கு அது எப்போதும் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவளிடம் ஒரு பாட்டு இருந்தது. சட்டைகளுக்கு மேல் பெட்டியை ஓட்டியபடி அவளாகக் கட்டியது.

*மடிச்சு வெச்ச சட்டைக்குள்ள
யாரு தோளு வருமோ?
சூடு பட்டு நிமிரும் காலர்
யாரு பேரு சொல்லுமோ?*

இப்படிப் போகும் அது. பாட்டுக்கு எங்கே அலைவது என்று மற்ற மாணவர்கள் திண்டாடிக்கொண்டிருந்தபோது, ஒழுங்கு தன் வீட்டிலேயே இருந்ததை எடுத்துக்கொண்டான்.

படம் எடுக்கும் முன் பாட ஒருங்கிணைப்பாளர் அம்மாவிடம் அனுமதி வாங்க வேண்டும். மாணவர்கள் கற்க வேண்டிய பாடங்களைக் கண்காணிப்பது அந்த அம்மாவின் வேலை.

"எந்த மாதிரித் தவறு செய்யலாம்னு இருக்கே?" என்று கேட்டார்.

"செய்யாம இருக்கப் பார்க்கறேன் மேடம்."

அம்மாவின் முகம் வாடியது. "அப்படியெல்லாம் பேசக் கூடாதுப்பா. உனக்கு முன்னாடி படிச்சவங்க எவ்வளவு கஷ்டப்பட்டுத் தவறு செஞ்சிருக்காங்க தெரியுமா? போ, போய் மனசைத் திறந்து வெச்சுக்கோ."

அவன் மனத்தைத் திறந்துதான் வைத்திருந்தான். தவறுதான் உள்ளே வரவில்லை. சலவைக் கடையின் விடுமுறை நாளில், ஆவி பறக்கும் பெட்டியோடு அக்காவை நிறுத்தி எடுத்தான். அவள் அசைவெல்லாம் மிதப்பதுபோல் மெதுவாக இருக்க வேண்டும், உதடு மட்டும் பாட்டோடு பொருந்த வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்கு ஒரு வழி உண்டு. முன்பே பாடிப் பதிவுசெய்த பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, அந்த வேகத்துக்கு வாயசைக்கச் சொல்லி எடுத்து, பிறகு எடுத்ததைப் பாதி வேகத்துக்கு இறக்க வேண்டும்.

தன் குரல் இரட்டை வேகத்தில் கீச்சுக் கீச்சென்று வந்ததைக் கேட்டதும் அக்கா இஸ்திரி மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "என்னடா இது, எலிக்குக் கல்யாணம் ஆன மாதிரி!"

"சிரிக்காதக்கா, வாயை அசை."

"எலி எப்பவாவது சட்டை தேய்க்குமாடா?"

சிரித்து முடித்துவிட்டு, ஒரு சொல்கூடப் பிசகாமல் வாயசைத்தாள். வெட்டி ஒட்டி முடித்தபோது ஒழுங்கு தானே நம்பாமல் மூன்று முறை ஓட்டிப் பார்த்தான். தம்பி என்பதற்காக அல்ல, கண்ணும் காதும் உள்ளவன் என்பதற்காக நான்காவது முறையும் ஓட்டினான்.

திரையிடும் நாள் வந்தது. முதலில் மூடியின் வீடியோ. மூடி ஒழுங்கின் நண்பன். அந்தப் பெயர் அன்றுதான் வந்தது. கேமராவின் மூடியைக் கழற்றாமலே முழுப் பாட்டையும் எடுத்து முடித்துவிட்டான். கேமராத் திரையில் ஒன்றும் தெரியவில்லையே என்று பார்த்தவன், அந்தத் திரைதான் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டித் தொடர்ந்திருக்கிறான். பாட்டு முடியும்வரை அரங்கில் கும்மிருட்டு. விளக்கைப் போட்டபோது துறைத்தலைவரின் கண்கள் கலங்கியிருந்தன.

"இந்த இருட்டுல நான் வெளிச்சத்தைப் பார்த்தேன்" என்றார். "பாடம் என்னப்பா?"

"நம்ம கண்ணை மூடியிருக்கறது உலகமில்ல சார், மூடி" என்றான் மூடி.

எண்பதுக்கு எழுபத்தெட்டு. இரண்டு மதிப்பெண் குறைந்ததற்குக் காரணம், ஒளிப்பதிவின்போது ஒலி ஓரளவு சரியாகப் பதிவாகியிருந்ததுதான்.

அடுத்து வந்தவன், தான் எடுத்ததை எல்லாம் பேருந்தில் தொலைத்துவிட்டான். வீடியோவே இல்லை. ‘எதுவும் நம்முடையதல்ல’ என்ற பாடத்தை மட்டும் கொண்டுவந்திருந்தான். மதிப்பெண் போடும் குழு எழுந்து நின்று கைதட்டியது. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். இங்கே கோணலைத்தான் அளந்து மதிப்பெண் போட்டார்கள்.

பிறகு ஒழுங்கின் வீடியோ ஓடியது. முடிந்ததும் விளக்கைப் போட்டார்கள். கடைசி வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லா இருக்கு" என்றார் கவலையோடு.

"ரொம்பவே நல்லா இருக்கு சார்" என்றார் ஒருங்கிணைப்பாளர் அம்மா, அதைவிடக் கவலையோடு.

"எங்கே தடுமாறினே?"

"தடுமாறலை சார்."

"யோசிச்சுச் சொல்லு. வெளிச்சம்?"

"போதுமான அளவு இருந்துச்சு சார்."

"உதடு பொருந்தாம போயிருக்குமே?"

"பொருந்திடுச்சு சார்." சொல்லும்போதே ஒழுங்குக்குக் குரல் இறங்கிப்போனது. அத்தனை பேர் நடுவில், உருப்படியாக ஒரு தவறுகூடச் செய்யத் துப்பில்லாமல் நிற்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. முன் வரிசையில் மூடி பரிதாபமாகத் தலையை ஆட்டினான்.

துறைத்தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "தம்பி, நல்லா எடுக்கறது யார் வேணும்னாலும் எடுத்துடலாம். நான் இருபது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். ஒரு தடவையாவது யாராவது என்னைப் பார்த்து, நீங்க என்ன எடுத்தீங்கன்னு கேட்டிருக்காங்களா? கேட்டதில்ல. ஏன்? எடுத்துக்கிட்டே இருந்தா அப்புறம் எப்பக் கத்துக்கறது? நான் எடுக்கவே இல்ல. அதனாலதான் கத்துக்கிட்டே இருக்கேன். உன்கிட்ட திறமை இருக்கு, மறுக்கலை. ஆனா திறமைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டிருக்கே."

பாட்டுக்குப் பத்தொன்பது போட்டார்கள். பாடத்துக்குச் சுழியம். மறுவாரம் நடக்கும் ‘கற்றல் நாள்’ விழாவில் இன்னொரு வாய்ப்பு தரப்படும், அதிலும் பாடம் கற்றிருக்காவிட்டால் மறுபடியும் ஒரு வருடம் படிக்க வேண்டும் என்று அறிவித்தார்கள்.

ஒழுங்கு இரண்டு நாள் தன் மனச்சாட்சியைக் கிளறித் தேடினான். கிடைத்ததை எல்லாம் திரட்டிக்கொண்டு ஒருங்கிணைப்பாளர் அம்மாவின் அறைக்குப் போனபோது துறைத்தலைவரும் அங்கே இருந்தார்.

"படம் எடுக்கற அன்னிக்கு ஒரு பிளக்கை மாத்திச் சொருகிட்டேன் மேடம்."

"அப்புறம்?"

"உடனே சரி பண்ணிட்டேன்."

"இது தவறில்லப்பா, தகவல்" என்றார் அம்மா. "மேடையில எடுபடாது. யாராவது மனுஷங்க சம்பந்தப்பட்டிருக்கணும். கேக்கறவங்களுக்கு இங்க வலிக்கணும்" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"ஆமா, பாடினது யாரு?" என்று கேட்டார் துறைத்தலைவர்.

"எங்கக்கா சார்."

"முறையாச் சங்கீதம் படிச்சிருக்காங்களா?"

"இல்ல சார். இஸ்திரி போடறாங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்தால் மனிதர்கள் அப்படித்தான் பார்த்துக்கொள்வார்கள்.

"இதை வெச்சுக்கிட்டா ஊரெல்லாம் தேடினே?" என்றார் அம்மா. "பயிற்சி இல்லாத ஒருத்தரை, சொந்தம்ங்கற ஒரே காரணத்துக்காகப் பாட வெச்சிருக்கே. பெரிய தவறு. அருமையான தவறு!"

"ஆனா அக்கா நல்லாத்தான் பாடினாங்க மேடம்."

"நல்லாப் பாடினாங்களா இல்லையாங்கறது பாட்டு சம்பந்தப்பட்டது" என்றார் துறைத்தலைவர் பொறுமையாக. "அதுக்கு இருபது மார்க்தான். நாம இப்பப் பேசிக்கிட்டிருக்கறது எண்பதைப் பத்தி."

அம்மாவே உட்கார்ந்து பேச்சை எழுதிக் கொடுத்தார். எந்தச் சொல்லில் நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லில் குரல் தழுதழுக்க வேண்டும் என்று சொல்லிப் பழக்கினார். ‘அன்பு’ என்ற இடத்தில் தழுதழுக்க வேண்டும். ஒழுங்குக்கு அது வரவே இல்லை. பத்துத் தடவை சொல்லியும், சாமான் பட்டியல் படிக்கிற மாதிரிதான் வந்தது.

"பரவாயில்ல, மேடையில வந்துடும்" என்று அம்மா தைரியம் சொன்னார்.

வெளியே காத்திருந்த மூடியிடம் விஷயத்தைச் சொன்னான். மூடி தோளைத் தட்டினான். "அக்காவுக்குத் தெரியவா போகுது? பாஸ் பண்ணு முதல்ல. நீ பாஸாகறதே அக்காவுக்காகத்தானே?"

அது சரியாகத்தான் பட்டது. கெட்ட காரியத்துக்குப் போகிற வழியில் இப்படி ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டால் பயணக் களைப்பே தெரிவதில்லை. விழாவைப் பற்றி அக்கா கேட்டபோது, "அது மாணவங்களுக்கு மட்டும்தான்கா" என்றான். அவனுடைய சட்டையை அவள் அன்று இரண்டு முறை தேய்த்துக் கொடுத்தாள்.

ஒழுங்கு மறந்தது ஒன்றே ஒன்று. பெற்றோருக்கும் காப்பாளர்களுக்கும் கல்லூரியே நேரடியாகக் கைப்பேசியில் அழைப்பு அனுப்பிவிடும். அந்தத் துறையில் பிழையில்லாமல் நடந்த ஒரே வேலை அதுதான்.

அரங்கு நிறைந்திருந்தது. ஒழுங்கின் முறை வந்ததும் மேடையேறி ஒலிவாங்கி முன்னால் நின்றான்.

"என் தவறு, நான் தேர்ந்தெடுத்த பாடகி" என்று தொடங்கினான். "அவர் பயிற்சி இல்லாதவர். சொந்தம் என்ற ஒரே காரணத்துக்காக அவரைப் பாட வைத்தேன். பாட்டில் சுருதி விலகியது. எனக்கு அது கேட்கவில்லை. ஏனென்றால் என் காதை அடைத்துக்கொண்டிருந்தது..."

அம்மா சொல்லித் தந்தபடி இங்கே நிறுத்தி, தலையை நிமிர்த்தி, கூட்டத்தைப் பார்த்தான். நான்காவது வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். நல்ல நாளுக்கென்று வைத்திருக்கும் புடவை. கைப்பையை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவன் அடுத்து என்ன சொல்லப்போகிறான் என்று ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"...அன்பு" என்றான். குரல் உடைந்து, பாதி காற்றாகத்தான் வந்தது. இறங்கி ஓடிப்போயிருக்கலாம். இதெல்லாம் பொய் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். அவன் செய்தது, எழுதிக் கொடுத்ததில் மீதியிருந்த ஒரு வரியையும் ஒழுங்காகச் சொல்லி முடித்ததுதான். "கற்ற பாடம்: பாசம் வேறு, பணி வேறு."

கைதட்டலில் அரங்கு அதிர்ந்தது. ஒருங்கிணைப்பாளர் அம்மா கைக்குட்டையை எடுத்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் தட்டுவதைப் பார்த்து, கொஞ்சம் தாமதமாக, அக்காவும் தட்டினாள். ஒழுங்குக்கு உடம்பெல்லாம் கூசியது. போட்டிருந்த சட்டையின் கஞ்சி விறைப்புகூடக் கழுத்தை அறுத்தது.

"எண்பதுக்கு எண்பது!" என்று முழங்கினார் துறைத்தலைவர். "இந்தத் துறை வரலாற்றிலேயே முதல் தடவை. இன்னொரு சந்தோஷமான செய்தியும் காலையிலேயே எனக்குக் கிடைச்சது. இதுவரைக்கும் மாணவர்கள் தங்களோட தவறைப் பத்திச் சொல்லித்தான் கேட்டிருக்கோம். இன்னிக்கு அந்தத் தவறே நேர்ல வந்திருக்கு! பாடின அம்மா, மேடைக்கு வாங்க!"

அக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். அவள் கையில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். ‘பாடமாக அமைந்தமைக்காக’ என்று அதில் பொன்னெழுத்தில் அச்சிட்டிருந்தது. ஒரு பக்கம் துறைத்தலைவரும் மறுபக்கம் ஒழுங்கும் நிற்க, படம் எடுத்தார்கள். முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்தச் சொல்லிப் படக்காரர் ஒழுங்கிடம் மூன்று தடவை கெஞ்ச வேண்டியிருந்தது.

"ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா" என்று ஒலிவாங்கியை நீட்டினார் துறைத்தலைவர்.

அக்கா அதைத் தள்ளியே பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியாம தப்பு வந்துடுச்சு" என்றாள். "என்னால தம்பிக்கு மார்க் குறையாம இருந்தா சரி."

இதற்கும் கைதட்டினார்கள். "பார்த்தீங்களா!" என்றார் துறைத்தலைவர் உருகிப்போய். "இவ்வளவு பணிவான ஒரு தவறை நான் பார்த்ததே இல்ல."

பேருந்தில் அக்காவுக்கு உட்கார இடம் கிடைத்தது. ஒழுங்கு கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் தலையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தபடி வந்தான். வீட்டுக்கு வந்ததும் அவள் சான்றிதழை மடங்காமல் அலமாரியில் வைத்தாள். புடவை மாற்றிக்கொண்டு வந்து அவனுக்கு எதிரே தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"எந்த இடம்டா?"

"எதுக்கா?"

"சுருதி விலகுச்சுன்னு சொன்னியே. எந்த இடத்துல?"

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

"எந்த இடத்துலயும் இல்லக்கா" என்றான். "பொய் சொன்னேன். தப்பு இருந்தாத்தான் மார்க்னாங்க. அவங்க எழுதிக் குடுத்ததைப் படிச்சேன். என்னை ரெண்டு அடி அடிச்சுடு."

அக்கா சிரித்தாள். "எனக்கு வருத்தமா இருக்கும்னு இப்படிச் சொல்றே."

"சத்தியமா இல்லக்கா."

"அத்தனை பேர் கைதட்டினாங்களேடா. எல்லாரும் படிச்சவங்க. பொய்க்கா கைதட்டுவாங்க?"

அதற்கு விடை அவனுக்குத் தெரியும். அக்கா தன் கால்விரல்களை நீவிவிட்டுக்கொண்டே, தனக்குள் சொல்லிப் பார்ப்பதுபோல் பேசினாள். "தப்பு இல்லேன்னா, நீ அவ்வளவு பேர் முன்னாடி நின்னு என்னைப் பத்திப் பொய் சொன்னேன்னு ஆயிடும். என் தம்பி அப்படிப் பண்றவனா? தப்பு பாட்டுலதான் இருக்கணும். எனக்கு ஒண்ணும் வருத்தமில்லடா. சொல்லு, திருத்திக்கிறேன்."

அவன் சொல்வதற்குள் பாட ஆரம்பித்துவிட்டாள். ஒவ்வொரு வரி முடிவிலும் நிறுத்தி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"மடிச்சு வெச்ச சட்டைக்குள்ள... இங்கயா?"

"இல்லக்கா."

"நிமிரும் காலர்... இங்க?"

"இல்ல."

"வீடு போனா சொல்லிடாத, வேர்த்த கை யாருன்னு." இது கடைசி வரி. ‘வீடு’ என்னும்போது அவள் குரல் எதிர்பாராமல் ஒரு படி மேலே ஏறி, அங்கே கொஞ்சம் நின்றுவிட்டு, மனசில்லாமல் இறங்கும். யாரும் சொல்லிக் கொடுத்து வந்த ஏற்றமல்ல அது. அந்த ஓர் இடத்துக்காகத்தான் அவன் முழு வீடியோவையும் எடுத்திருந்தான்.

பாடி நிறுத்திவிட்டு அக்கா பார்த்தாள். இதற்குமேல் பாட்டு இல்லை. இங்கேயும் இல்லை என்றால், தவறு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். சிரிப்பு இன்னும் அவள் முகத்தில்தான் இருந்தது. ஆனால் கால்விரலை நீவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"அங்கதான்கா" என்றான்.

"அப்படியா!" அக்காவுக்குப் பெரிய மூச்சு ஒன்று வந்தது. "எனக்கே அங்க ஒரு சந்தேகம் இருந்துச்சுடா. அதிகமா மேல போயிடறேன், இல்ல? இரு, இரு." தொண்டையைச் சரி செய்துகொண்டு மறுபடி பாடினாள். இந்தத் தடவை குரல் ஏறவில்லை. ‘வீடு’ மற்ற எல்லாச் சொற்களோடும் ஒரே தரையில் தட்டையாகப் போய் முடிந்தது.

"இப்ப?"

"இப்பச் சரியா இருக்கு" என்றான் ஒழுங்கு.

மறந்துவிடக் கூடாது என்பதற்காக, அக்கா அந்த வரியை அப்படியே இன்னும் நாலைந்து தடவை பாடிப் பாடிப் பாடம் பண்ணிக்கொண்டாள்.